கால் புண்ணை மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், பொதுச் சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும், தொற்றாநோய்த் திட்டங்களை நடத்தும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் கழிந்தது. காலில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நாம் காலுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிறோம். அந்த அடைப்பை உண்டாக்கிய உடம்பை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். இந்த முறையை மாற்றச் சொல்லித்தான் எழுதுகிறேன். இதற்குப் புதிய கட்டடமோ பெரிய இயந்திரமோ தேவையில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிதித்துறையிடம் கோப்பு அனுப்ப வேண்டுமே என்று தயங்கி இந்த மடலை யாரும் மூடி வைத்துவிடக் கூடாது.

இந்த நோயாளிகள் எங்களிடம் வந்து சேரும் வழி ஏறக்குறைய ஒன்றேதான். முதலில் கெண்டைக்கால் இழுக்கிறது. கடைத்தெரு வரை போனால் வலிக்கிறது. ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடுகிறது. எழுந்து நடந்தால் அதே தூரத்தில் மறுபடியும் வருகிறது. இந்த ஒழுங்குதான் அடையாளம். மூட்டு வலி இப்படிக் கணக்கு வைத்துக்கொண்டு வராது. ஆனால் இதைச் சொன்னால் வீட்டில் 'வயதாகிவிட்டது' என்கிறார்கள், மருந்துக் கடையில் 'நரம்புத் தளர்ச்சி' என்கிறார்கள். சத்து மாத்திரையும் நரம்பு ஊசியும் மாதக்கணக்கில் ஓடுகின்றன. எண்ணெய் தேய்த்து உருவி விடுகிறார்கள். சிலர் உணர்ச்சி மரத்துப்போன பாதத்தை வெந்நீரில் வைத்து, தோல் கொப்பளித்த பிறகுதான் சூடு அதிகம் என்று தெரிந்துகொள்கிறார்கள். பிறகு இரவில் படுத்தால் பாதம் எரிகிறது, கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டால்தான் தூக்கம் வருகிறது. அதற்கும் பிறகு ஒரு விரல் கறுக்கிறது. அந்தக் கட்டத்தில்தான் நம்மிடம் வருகிறார்கள்.

வந்ததும் எல்லாம் வேகமாக நடக்கிறது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், எதிருயிரி மருந்து, விரலை எடுப்பது, முடிந்தால் ஆஞ்சியோ செய்து அடைப்பை விரிப்பது, முடியாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுப்பது. அறுவை மருத்துவர்களின் கைத்திறனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறை, வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கிற சீட்டில் இருக்கிறது. எந்த விரல், எந்தத் தேதி, எத்தனை தையல் என்று எல்லாம் எழுதியிருக்கும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும்கூட இருக்கும். மயக்க மருந்து கொடுக்கத் தேவைப்பட்டதால் பார்த்திருப்பார்கள். இடுப்புச் சுற்றளவு இருக்காது. ரத்தக் கொழுப்பின் இரண்டு அளவுகளான டிரைகிளிசரைடும் எச்.டி.எல். கொழுப்பும் பெரும்பாலும் இருக்காது. மொத்தக் கொலஸ்ட்ரால் 'நார்மல்' என்று ஒரு வரி இருந்தால் அதோடு பேச்சு முடிந்துவிடும். நம் மக்களிடம் மொத்தக் கொலஸ்ட்ரால் சாதாரணமாக இருக்க, டிரைகிளிசரைடு ஏறியும் நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் எச்.டி.எல். இறங்கியும் இருப்பதுதான் அதிகம் காணப்படும் கோலம் என்பது மருத்துவக் கல்லூரிப் பாடத்திலேயே இருக்கிறது.

இந்தத் துண்டு துண்டான அளவுகளை ஒன்றாகக் கட்டிப் பார்க்க மருத்துவ உலகம் வைத்திருக்கும் பெயர் மெட்டபாலிக் சிண்ட்ரோம். தமிழில் வளர்சிதை மாற்றக் கோளாறுகளின் கூட்டு என்று எழுதுகிறார்கள். 1988-இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் தம் பேருரை ஒன்றில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பு நிலையும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது தற்செயல் இல்லை, இன்சுலினுக்கு உடம்பு பணியாமல் போவதே அதன் வேர் என்றார். அதற்கு அவர் வைத்த பெயர் 'சிண்ட்ரோம் எக்ஸ்'. வேடிக்கை என்னவென்றால், இன்று எல்லோரும் முதலில் பார்க்கிற தொப்பை அவர் பட்டியலிலேயே இல்லை. 2009-இல் பல உலக அமைப்புகள் கூடி ஒரு பொது வரையறைக்கு வந்தன. இடுப்புச் சுற்றளவு நம் இனத்து ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல், டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், எச்.டி.எல். ஆணுக்கு 40-க்கும் பெண்ணுக்கு 50-க்கும் கீழ். ரத்த அழுத்தத்தில் மேல் எண் 130-ஐயோ கீழ் எண் 85-ஐயோ தொட்டிருப்பது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். இந்த ஐந்தில் மூன்று இருந்தால் போதும். இவற்றுக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதுவும் கணக்கில் சேரும்.

இப்படி ஒரு பெயர் தேவைதானா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். 2005-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் ஐரோப்பிய நீரிழிவு ஆய்வுச் சங்கமும் சேர்ந்தே அந்தக் கேள்வியை எழுப்பின: கூட்டுக்கென்று தனி ஆபத்து உண்டா, அல்லது அதில் சேர்ந்த ஒவ்வொன்றின் ஆபத்தையும் கூட்டினால் வருவதுதானா என்று. அந்த விவாதத்தை அறிஞர்கள் நடத்தட்டும். கட்டுப் போடும் அறையில் நின்றவளுக்கு அந்தப் பெயரால் கிடைக்கும் பயன் வேறு. ஒன்றைப் பார்த்தவுடன் மற்ற நான்கையும் தேடச் சொல்கிறது. அந்த ஒரு பழக்கத்துக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம் என்பேன்.

காலடைப்புக்கும் இந்தக் கூட்டுக்கும் உள்ள உறவு சாதாரணமானது இல்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், ரத்தக்குழாய் நோயோடு வந்தவர்களிடம் இதைப் பார்த்து 2004-இல் வெளியிட்டார்கள். இதய ரத்தக்குழாய் நோயாளிகளில் 41 சதவீதம் பேருக்கும், மூளை ரத்தக்குழாய் நோயாளிகளில் 43 சதவீதம் பேருக்கும் இந்தக் கூட்டு இருந்தது. காலடைப்பு நோயாளிகளில் 58 சதவீதம் பேருக்கு இருந்தது. அதாவது, மாரடைப்பு வந்தவரைவிடக் காலடைப்பு வந்தவரிடமே இதைத் தேட அதிகக் காரணம் இருக்கிறது. நாமோ மாரடைப்பு வந்தவருக்கு எல்லாப் பரிசோதனையும் எழுதிவிட்டு, காலடைப்பு வந்தவரைக் கட்டுப் போட்டு அனுப்புகிறோம்.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்குப் பாய்ந்துகொண்டே இருக்கின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாகக் கட்டி ரத்தத்தில் விடுகிறது, எச்.டி.எல். குறைகிறது, கெட்ட கொழுப்பு என்று சொல்லப்படும் எல்.டி.எல். துகள்கள் சிறுத்து, ரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதில் நுழையும்படி ஆகின்றன. குழாயின் உட்பூச்சு தன்னை விரித்துக்கொள்ளும் திறனை இழக்கிறது. ரத்தம் உறையும் போக்கும் கூடுகிறது. இதெல்லாம் உடம்பு முழுக்க நடப்பது. காலில் வலி வருகிறது என்றால் இதயத்திலும் கழுத்துத் தமனியிலும் அதே வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். காலடைப்பு நோயாளிகள் பெரும்பாலும் காலால் சாவதில்லை. மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் சாகிறார்கள். புண் ஆறி வீட்டுக்குப் போனவர் அடுத்த ஆண்டு இறந்தால், அது நம் பிரிவின் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. நம் கணக்கில் அவர் குணமானவர்.

இங்கே பீடியைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் பொய் சொன்னவளாவேன். கால் ரத்தக்குழாய்க்குப் புகையைவிடப் பெரிய எதிரி இல்லை. அது அந்த ஐந்தில் ஒன்றாக இல்லை என்பதற்காக மறந்துவிடக் கூடாது. முப்பது வயதுக்காரர் பீடியோடு கறுத்த விரலைக் கொண்டுவந்தால் அது பெரும்பாலும் பர்கர் நோய், அதாவது புகையால் கை கால்களின் சிறு ரத்தக்குழாய்கள் அழன்று அடைத்துக்கொள்ளும் நோய். அவருக்கு இடுப்பும் கொழுப்பும் சரியாகவே இருக்கலாம். அவருக்கு முதல் மருந்து பீடியை முழுதாக விடுவது. ஐந்து அளவுகளையும் எடுத்துவிட்டால் இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்கவும் அது உதவும்.

நம் நாட்டில் இந்த ஆபத்தில் இருப்பவர்கள் எவ்வளவு பெரிய கூட்டம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு என்றது. வயிற்றுப் பருமன் பெரியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம், உயர் ரத்த அழுத்தம் 35 சதவீதத்துக்கு மேல். சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளிவந்தது. அதில் கால் ரத்தக்குழாய் நோய் மொத்தத்தில் 3.2 சதவீதமும் நீரிழிவு உள்ளவர்களிடம் 6.3 சதவீதமும் இருந்தது. மேலைநாட்டு எண்களைவிடக் குறைவுதான். அதற்குப் பின் நகரமும் மாறிவிட்டது, நாம் வாழும் காலமும் நீண்டுவிட்டது.

இனி நம் திட்டங்களுக்கு வருகிறேன். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. இவற்றில் பலவற்றை நான் மனதாரப் பாராட்டுகிறேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. கூலி வேலையை விட்டு மாத்திரை வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு அது எத்தனை பெரிய உதவி என்று நகரத்தில் இருப்பவர்களுக்குப் புரியாது. நீரிழிவு நோயாளிகளின் கால்களைக் காக்கப் பாதம் பாதுகாப்போம் திட்டம் வந்தது. 2023-இல் இதயம் காப்போம் திட்டம் வந்து, நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்து அனுப்பும் வழி பிறந்தது. அதே ஆண்டு நவம்பரில் நடப்போம் நலம் பெறுவோம் என்று 8 கிலோமீட்டர் நடைபாதையை மாவட்டந்தோறும் அமைத்தீர்கள்.

இவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை என்பதே என் மனக்குறை. வீடு தேடி வருகிற தன்னார்வலர் அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார், கால் வலியைக் கேட்பதில்லை. பாதம் பார்க்கிறவர் உணர்ச்சியையும் நாடியையும் பார்க்கிறார், வயிற்றை அளப்பதில்லை. இதயத்துக்கு அவசரத்தில் கொடுக்க அலமாரியில் இருக்கிற அதே மாத்திரைகள், காலடைப்பு உள்ளவருக்கு நாள்தோறும் தேவைப்படுபவை. அவருக்கு அவற்றைத் தொடர்ந்து எழுத யாரும் பொறுப்பில்லை. 8 கிலோமீட்டர் நடைபாதையோ, இருநூறு அடி நடந்தால் உட்கார வேண்டியவரைப் பார்த்துச் சிரிக்கிறது.

அந்த நடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் பார்வையில் மடலின் மையமே இதுதான். இந்த நோயாளியிடம் எல்லோரும் சொல்வது, 'நடங்கள்'. அவர் நடந்தால் வலிக்கிறது. வலித்தால் நின்றுவிடுகிறார். நாளாவட்டத்தில் வெளியே போவதையே விட்டுவிடுகிறார். நடக்காததால் தசை கரைகிறது, வயிறு பெருக்கிறது, சர்க்கரை ஏறுகிறது, அடைப்பு கூடுகிறது, இன்னும் குறைவாக நடக்கிறார். 'சொன்னால் கேட்பதில்லை' என்று நாம் திட்டுகிறோம். எப்படி நடப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தந்ததில்லை.

முறை உண்டு. நன்றாக ஆராய்ந்து நிலைநிறுத்தப்பட்ட முறை. வலி தொடங்கும் வரை நடக்க வேண்டும். தொடங்கியதும் நின்றுவிடாமல் நடுத்தரமான வலி வரும் வரை போக வேண்டும். பிறகு உட்கார்ந்து வலி முழுக்க அடங்கவிட்டு மறுபடி நடக்க வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு தடவைக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம், வாரத்தில் குறைந்தது மூன்று நாள், குறைந்தது 12 வாரம். ஒருவர் கூட இருந்து கண்காணித்தால் பலன் அதிகம். வலிக்காமல் நடக்கும் தூரம் பலருக்குக் கண்கூடாகக் கூடுகிறது. அடைப்பு அப்படியே இருந்தாலும், தசை குறைந்த ரத்தத்தில் வேலை செய்யப் பழகிக்கொள்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் டிரைகிளிசரைடுக்கும் அதே நடைதான் மருந்து. ஒரே செலவில் ஐந்து கணக்கையும் சீராக்கும் மருந்து நம்மிடம் வேறு எதுவும் இல்லை. படுத்திருக்கும்போதே வலிப்பவர்களுக்கும் பாதத்தில் புண் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்களை முதலில் ரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

முதலமைச்சரின் காப்பீடு விரலை எடுக்கப் பணம் தரும், ஆஞ்சியோவுக்குப் பணம் தரும். 12 வார நடைக்கு அதில் இடமில்லை. ஆனால் மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்தவர் வீட்டுக்கு இப்போதே போகிறார்கள். அதே தெருவில் இருக்கிற கால் வலிக்காரரை வாரம் ஒரு நாள் தெருமுனை வரை நடத்திப் பார்த்து, நின்ற இடத்தைக் குறித்து வைக்க அவர்களுக்கு ஓர் ஆணை போதும்.

அடுத்தது, தன்னார்வலர்களும் ஆஷா பணியாளர்களும் நிரப்புகிற சமூக மதிப்பீட்டுப் படிவம். அதில் இடுப்புச் சுற்றளவுக்கு ஏற்கெனவே கட்டம் இருக்கிறது; 80-ம் 90-ம் அதிலேயே அச்சாகியிருக்கின்றன. உள்ளங்காலில் கூச்சம் உண்டா, திரும்பத் திரும்பப் புண் வருகிறதா என்ற கேள்விகளும் இருக்கின்றன. 'நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் சரியாகிறதா?' என்ற கேள்வி இல்லை. அதைச் சேருங்கள். எல்லா நோயாளியும் இதற்கு ஆம் என்று சொல்லமாட்டார். பலருக்கு அறிகுறியே இருக்காது, சர்க்கரையால் நரம்பு மரத்தவருக்கு வலி தெரியாது, நடப்பதையே விட்டவருக்கு வலி வர வாய்ப்பில்லை. ஆகவே கூடவே, 'முன்பு போன தூரம் இப்போது போகிறீர்களா?' என்றும் கேட்கச் சொல்லுங்கள். பெண்களிடம் இரண்டாவது கேள்விதான் அதிகம் பேசவைக்கும். 'வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன், எனக்கென்ன வலி' என்பவர், ரேஷன் கடைக்குப் பேரனை அனுப்ப ஆரம்பித்து எத்தனை காலமாயிற்று என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

இடுப்பளவு பற்றி ஒரு சிறு குறிப்பு. நம் ஆண்கள் வேட்டியைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறார்கள். நாடாவையும் அங்கேயே வைத்து அளந்தால் எல்லோரும் 90-க்குள் வந்துவிடுவார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் இதை ஒரு முறை உடம்பைத் தொட்டுக் காட்டுங்கள், ஸ்லைடில் காட்டி முடிக்காதீர்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கையடக்க டாப்ளர் கருவி வேண்டும். ரத்த அழுத்தக் கருவி அங்கேயே இருக்கிறது. கணுக்காலின் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 0.90 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடைப்பு. கால் மணி நேரத்தில் ஒரு செவிலியர் முடித்துவிடும் வேலை. ஒரு பொறி மட்டும் உண்டு. நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களிடமும் சிறுநீரக நோயாளிகளிடமும் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, பட்டையால் அதை அழுத்தவே முடியாது. எண் 1.40-ஐத் தாண்டும். அதைப் பார்த்து 'ரத்த ஓட்டம் பிரமாதம்' என்று எழுதியவர்களை நான் அறிவேன். அப்படிப்பட்டவர்களைக் கால் பெருவிரல் அழுத்தம் பார்க்க மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதைச் சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

கொழுப்பு மாத்திரையைப் பற்றியும் ஒரு தெளிவான ஆணை தேவை. 2002-இல் பிரிட்டனில் வெளிவந்த இதயப் பாதுகாப்பு ஆய்வில் 20,536 பேர் இருந்தார்கள். அவர்களில் 6,700-க்கு மேற்பட்டோருக்குக் கால் ரத்தக்குழாய் நோய். தினம் 40 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. தொடக்கத்தில் கொலஸ்ட்ரால் எவ்வளவு இருந்தது என்பது அந்தப் பலனை மாற்றவில்லை. ஆகவே 'கொலஸ்ட்ரால் நார்மல், மாத்திரை வேண்டாம்' என்ற வாக்கியம் காலடைப்பு நோயாளியின் சீட்டில் இனி வரக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் அழுத்த மாத்திரையோடும் சர்க்கரை மாத்திரையோடும் இவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரலும் வீடு தேடிப் போக வேண்டும். கால் வலி குறைந்தவுடன் பலர் நிறுத்துவதும் இந்த மாத்திரைகளைத்தான். காலுக்காகக் கொடுத்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இதயத்துக்கும் மூளைக்கும் சேர்த்துத்தான் என்று யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சோற்றைப் பற்றி நீட்டி எழுத மாட்டேன். தட்டில் சோறு பாதியாகக் குறைந்து, கால்வாசிக்குப் பயறோ முட்டையோ மீனோ ஏறினாலே டிரைகிளிசரைடு கீழே இறங்கும். அதை வாங்கக் காசு வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ரேஷனில் துவரம்பருப்போடு கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ சேர்ப்பது உங்கள் துறையின் அதிகாரத்தில் இல்லை. பக்கத்துத் துறையில் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, விலை ஏதுமில்லாத ஒன்று. கால் புண்ணுக்கும் விரல் எடுப்பதற்கும் சேர்க்கப்படுகிற ஒவ்வொருவரின் வெளியேற்றச் சீட்டிலும் ஐந்து கட்டங்களை அச்சடியுங்கள்: இடுப்பு, அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு, எச்.டி.எல். ஆறாவதாகப் புகை. கட்டம் காலியாக இருந்தால் சீட்டில் கையெழுத்து விழக் கூடாது. அந்தச் சீட்டின் ஒரு நகல் அவர் ஊர் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ஓராண்டு கழித்து, அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை பேருக்கு இன்னொரு கால் போயிற்று, எத்தனை பேருக்கு மாரடைப்பு வந்தது என்று மாவட்ட வாரியாக எண்ணி வெளியிடுங்கள். ஒரு மாவட்டத்தில் முதலில் செய்து பார்ப்பதாக இருந்தால், கட்டங்களை நிரப்பக் கற்றுக்கொடுக்க ஓய்வு பெற்ற செவிலியர்கள் நாங்கள் நிறையப் பேர் இருக்கிறோம். போக்குவரத்துப் படி கொடுத்தால் போதும், வருகிறோம்.

இப்படிக்கு,
அறுவை சிகிச்சைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்